இடாப்பில் உள்ள எல்லாரும்

“பதினான்கு, நூர்ஜஹான்” என்று கூப்பிட்டுவிட்டு மாக்கிறட் காத்திருப்பார். பதில் வராது என்பது அவருக்கும் தெரியும், எதிரே பாயில் இருக்கும் இருபது பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு மூச்சு விடும் நேரத்துக்குப் பேனை அசையாது. தலையும் நிமிராது, கண் இடாப்பிலேயே, அந்தப் பெயர்ப் பதிவேட்டிலேயே, இருக்கும். பிறகு அந்தப் பெயருக்கு நேரே ‘வாடி’ என்று எழுதிவிட்டு, “பதினைந்து, ஸுஹறா” என்பார். மறுபடியும் இரண்டு மூச்சு. இப்படி ஒன்பது பெயர்கள்.

மீன்பிடிப் பருவத்துக்காக வேறு கரைக்குப் போய்க் குடிசை போட்டுத் தங்குவதை மன்னாரில் வாடிக்குப் போவது என்பார்கள். போனவர்கள் நாலைந்து மாதத்தில் திரும்பிவிடுவார்கள். மாக்கிறட்டின் இடாப்பிலோ ஒன்பது பெண்கள் இருபத்தொரு வருடமாக வாடியில் இருந்தார்கள்.

“அடுத்ததைக் கூப்பிடுங்கோ அக்கா, அங்க மீன் நாறப்போகுது” என்று யாராவது பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். மாக்கிறட் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். அதற்கு மேல் அவரை அவசரப்படுத்த அந்தக் கரையில் ஆள் இல்லை.

ஓலைத்தொடுவாய்க் கரையில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு மாக்கிறட் செயலாளர். எண்பத்தொன்றில் சங்கம் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த ஒரே பெண் என்பதால் பேனையை அவர் கையில் கொடுத்தார்கள். பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தலைவி இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று யாப்பில், அதாவது சங்கத்தின் சட்டக் கொப்பியில், உண்டு. செயலாளருக்கு அப்படி ஒரு எல்லை போட மறந்துவிட்டார்கள். நாட்டின் சனாதிபதி எத்தனை தடவையும் நிற்கலாம் என்று பதினெட்டாம் திருத்தம் வந்த கிழமை, “அவையள் உங்களைப் பாத்துத்தான் பழகியிருக்கினம்” என்று பெண்கள் அவரைப் பகிடி பண்ணிவிட்டார்கள். மாக்கிறட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் தன் பதவிக்கும் ஒரு எல்லை வைக்கச் சொல்லித் தானே பிரேரித்தார். ஒருவரும் கை தூக்கவில்லை.

ஆளைப் பார்த்தால் செயலாளர் என்று சொல்லமுடியாது. விரல் இடுக்கெல்லாம் உப்பு தின்ற வெடிப்பு. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, வலை பின்னும் தங்கூசி நூலால் காதோடு கட்டியிருக்கிறது. பேனை கொண்டைக்குள் இருக்கும். காலையில் நெத்தலியைப் பரப்பிவிட்டு, வெயில் ஏறியதும் ஒரு தடவை, சாய்வதற்கு முன் ஒரு தடவை புரட்டுவார். இரண்டுக்கும் நடுவில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. கருவாட்டைக் கையில் எடுத்து ஒரு முறை மடித்துப் பார்த்து எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அதில் அவர் பிழைத்ததைக் கண்டவர்கள் இல்லை.

யாப்பு என்பது ஒரு எண்பது பக்கக் கொப்பி. பிளாஸ்ரிக் உறைக்குள், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களோடு கிடக்கும். போரில் இடம்பெயர்ந்து மடுக் கோயிலில் கிடந்த காலத்திலும் அந்த உறைதான் முதலில் பைக்குள் போனது. வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் மாக்கிறட்டின் வாயில் வரும் முதல் சொல், “முதல் யாப்பை எடுங்கோ” என்பதுதான். கணவர் பஸ்ரியனுக்கு இது நல்ல வாய்ப்பு. “எனக்குச் சோறு போட யாப்பில இடமிருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்” என்பார் கோப்பையை நீட்டிக்கொண்டு.

நாட்டின் அரசியலமைப்பும் தமிழில் ஒன்று அவரிடம் இருக்கிறது. கடுதாசி உறை போட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்து பென்சிலோடு இருந்து வாசிப்பார். எல்லாம் விளங்கும் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. “பதினெட்டு ஒட்டுப் போட்டிருக்கினம். ஒரு வள்ளத்துப் பாய்க்கு இவ்வளவு ஒட்டுப் போட்டா காத்துப் பிடிக்குமோ தெரியேல்லை” என்பது அவர் கருத்து.

ஒருமுறை தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த ஒரு தம்பி, கொழும்பில் அச்சடித்த மாதிரி யாப்பு ஒன்றை நீட்டினார். பழையதை விட்டுவிட்டு இதை நிறைவேற்றுங்கள் என்றார். மாக்கிறட் அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, நாட்டின்ர யாப்பை மாத்த எத்தினை கை வேணும்?”

“பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு பங்கு அம்மா. சில விசயத்துக்குச் சனத்திட்டையும் வாக்கெடுக்கோணும்.”

“அப்ப மூண்டில ஒரு பங்கு ஆக்கள் வேண்டாம் எண்டாலும் மாறும்?”

“ஓம்.”

“எங்கடதில ரெண்டாம் பக்கத்தில இருந்து உள்ளதைப் பாதிப்பேர் கை தூக்கினா மாத்தலாம். சந்தா, கூட்ட நாள், உப்பு எடுக்கிற முறை, எல்லாம் எத்தினையோ தரம் மாறிட்டுது. முதல் பக்கத்தில ஐஞ்சு சட்டம் இருக்கு. அதுக்கு எல்லாக் கையும் வேணும். மற்றதெல்லாம் நாங்கள் செய்த சட்டம் தம்பி. இந்த ஐஞ்சுதான் எங்களைச் சங்கமாக்கினது.”

மாதிரி யாப்பு இப்போது அவருடைய நெத்தலிப் பெட்டிக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது. நல்ல தடித்த தாள்.

அந்த முதல் பக்கம் எழுதப்பட்ட நாளைப் பற்றிக் கேட்டால் மாக்கிறட் சிரிப்பார். சோளகக் காற்று தொடங்குகிற காலம். பாதிப் பெண்கள் புருசன்மாரோடு முல்லைத்தீவுக் கரைக்கு வாடி போக மூட்டை கட்டியிருந்தார்கள். றோட்டில் லொறி நின்றது. கரையை முப்பத்தொரு துண்டாகப் பிரித்து, முளை அடித்து, ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தாயிற்று. போகிறவர்களுக்கு ஒரே பயம்: வரும்போது துண்டு இருக்குமா? அவசர அவசரமாக மூன்றாம் சட்டத்தை எழுதினார்கள். கரையை விட்டுப் போன உறுப்பினரின் துண்டு அவர் திரும்பி வரும்வரை அவருடையதே. எத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. வாடி என்றால் எத்தனை மாதம் என்று கரையில் பிறந்த யாருக்குத் தெரியாது?

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில், மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் நாள் குறித்து வெளியேறவேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் அறிவித்தார்கள். சங்கத்தின் ஒன்பது பெண்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறிப் புத்தளம் பக்கம் போனார்கள். மாக்கிறட் கரையில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றுவரை அவரை விட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்ற எண்ணம் ஆறுதலாகவும் இல்லை.

நூர்ஜஹானின் ஏழாம் துண்டில் கட்டா மீன் அரைக் காய்ச்சலில் கிடந்தது. மாக்கிறட் மூன்று நாள் அதைப் புரட்டிக் காயவைத்து, பனையோலை உமல் பையில் கட்டி வைத்தார். அடுத்த கூட்டத்தில் இடாப்பை விரித்தார். சங்கத்தின் இரண்டாம் சட்டப்படி ஒரு பெயர் இடாப்பை விட்டுப் போக இரண்டே வழிதான்: ஒன்று மரணம், மற்றது அவரவர் சொந்தக் கையெழுத்து. ஒன்பது பேரும் சாகவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. ஆகவே கூப்பிட்டார். அன்று தொடங்கியதுதான் அந்த இரண்டு மூச்சு.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆனி மாதப் பொதுக்கூட்டம். “பதினான்கு, நூர்ஜஹான்” என்று கூப்பிட்டுவிட்டு மாக்கிறட் வழக்கம்போல் குனிந்தபடி இருந்தார். ஒரு மூச்சு. வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஓம். இருக்கிறன்.”

‘வாடி’ என்று எழுதப் போன பேனை ‘வா’வில் நின்றுவிட்டது. அந்த அரைச் சொல்லை அவர் இன்னும் வெட்டவில்லை. இடாப்பில் அப்படியே இருக்கிறது. கறுப்பு முக்காடு போட்ட, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து பாயின் ஓரத்தில் இருந்தாள். மாக்கிறட்டின் வாயிலிருந்து முதலில் வந்தது வரவேற்பு அல்ல, பாவசங்கீர்த்தனம்.

“நூர்ஜஹான், உன்ர கட்டாக் கருவாட்டை மடுவில வைச்சு நாங்கள் திண்டிட்டம்.”

நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். “உப்பு சரியா இருந்ததோ அக்கா?” என்றாள். பாயில் இருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், மிச்சப்பேர் மூக்கைச் சீறினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நூர்ஜஹான் தன் துண்டைக் கேட்டாள். பழைய வளவில் தகரக் கொட்டில் போட்டாயிற்று. மகன் வள்ளம் கட்டும் ஓடாவிக்கு உதவியாகப் போகிறான். அவள் புத்தளத்திலும் கருவாடுதான் போட்டாள், ஆனால் மற்றவர்களின் கரையில். “என்ர ஏழாம் துண்டு இருக்குதோ அக்கா?”

துண்டு இருந்தது. ஆனால் அதில் ஆறு வருடமாகக் கருவாடு போடுவது மாக்கிறட்டின் மருமகள் அன்ரோனெற்.

அன்ரோனெற் நறுவிலிக்குளத்துப் பெண். வயல்காரி. கலியாணம் கட்டி வந்தபோது சூடைக்கும் நெத்தலிக்கும் வித்தியாசம் தெரியாது. வெறுமனே கிடந்த ஏழாம் துண்டைத் தற்காலிகமாகப் பாவிக்கச் சங்கம் அனுமதித்தது. அந்த மணலில்தான் அவள் தொழில் படித்தாள். முதல் வருடம் மழையில் நனையவிட்டு அழுதாள். மூன்றாம் வருடம் அவளுடைய வாளைக் கருவாட்டைத் தேடி வியாபாரி வந்தான். சொந்தக் கையால் கம்பு நட்டு, வலை இழுத்து, பரண் கட்டியிருந்தாள். இப்போது அவள் கூட்டத்தின் வாசலில் நின்று மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழும்பியது அருள்நாயகி. கரையில் மூத்த ஆள், அன்ரோனெற்றில் பாசம் உள்ளவர். “நூர்ஜஹான் வந்தது சந்தோசம். அதுக்காக இந்தப் பிள்ளையின்ர வயித்தில அடிக்கேலுமோ? நான் ஒரு பிரேரணை கொண்டுவாறன். ஐஞ்சு வருசத்துக்கு மேல கரையில இல்லாதவைக்குத் துண்டில்லை எண்டு மூண்டாம் சட்டத்தை மாத்துவம். வந்தவவுக்குப் பேந்து ஒரு இடம் பாப்பம்.”

கைகள் எழும்பின. பதினான்கு. நூர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள். “நிறைவேறிச்சு” என்றார் அருள்நாயகி.

இந்த இடத்தில் மாக்கிறட் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஐந்தாம் சட்டம் ஒன்று உண்டு என்பது அங்கே வேறு ஒருவருக்கும் நினைவில் இல்லை. சும்மா இருந்திருந்தால் வீட்டில் சமாதானம், பரணில் வாளை, சோற்றுக்கு உப்புப் போட்ட கறி.  மருமகள் நின்ற பக்கம் பார்க்காமல் கொண்டையிலிருந்து பேனையை எடுத்தார்.

“முதல் யாப்பை எடுங்கோ” என்றார்.

எடுத்தது அவரேதான். வாசித்தார். முதல் பக்கத்து ஐந்து சட்டங்களில் எது மாறவேண்டுமானாலும் இடாப்பில் உள்ள எல்லாரும் கை உயர்த்தவேண்டும்.

“எல்லாரும் எண்டா இஞ்ச இருக்கிற எல்லாரும்தானே?”

“அப்பிடி எழுதேல்லை அருள்நாயகியக்கா. இடாப்பில உள்ள எல்லாரும். புத்தளத்தில இருக்கிற எட்டுப் பேரும் தூக்கோணும். கனடாவில இருக்கிறவவும் தூக்கோணும். நூர்ஜஹானும் தூக்கோணும்.”

“தன்ர துண்டைப் பறிக்கிறதுக்குத் தானே கை தூக்குவாவோ? அப்பிடியெண்டா ஒருக்காலும் மாத்தேலாதே!”

“அதுக்குத்தானே எழுதினது.”

அருள்நாயகி விடவில்லை. “வாடிக்குப் போறதும் இதுவும் ஒண்டோ? அது நாலு மாசம். இது ஒரு பிள்ளை பிறந்து வளந்து கலியாணம் கட்டிற காலம்.”

“திரும்பி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டோ போனவ? போகச் சொன்னாங்கள், போனவ. பருவம் கொஞ்சம் நீண்டு போச்சு, அவ்வளவுதான்.”  மாக்கிறட் கொப்பியின் பின்பக்கத்தைப் புரட்டி, எண்பத்தொன்றாம் ஆண்டுக் கூட்டக் குறிப்பைத் தேடினார். தன் சொந்தக் கையெழுத்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டை எழுத்தை, விரல் வைத்து வாசித்தார். “மூண்டாம் சட்டம். பிரேரித்தவர் அருள்நாயகி. ஆமோதித்தவர் நூர்ஜஹான்.”

“நானோ?”

“நீங்கள்தான். லொறி நிக்குது, கெதியா எழுதடி எண்டு கத்தினீங்கள். அதாலதான் எத்தினை மாசம் எண்டு எழுத மறந்தனான்.”

நூர்ஜஹான் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். “அந்த வருசம் நீங்கள் வாடியில இருக்கேக்க உங்கட துண்டில நண்டுக்காரர் வலை காயப்போட வந்தவங்கள் அருள்நாயகியக்கா. நான்தான் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து அவங்களை எழுப்பினனான்.” குற்றம் சாட்டும் குரல் அல்ல, நினைவு வந்ததைச் சொன்னாள்.

அருள்நாயகி மெல்லப் பாயில் இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “வாழ்நாளில நல்லதாய் ஒண்டு சொல்லியிருக்கிறன், அதையும் மறந்துபோனன்” என்றார். “என்ர பிரேரணையை வாபஸ் எடுக்கிறன். எழுது மாக்கிறட்.”

மாக்கிறட் எழுதினார். வாசலில் அன்ரோனெற்றைக் காணவில்லை.

பரணை அவள் அன்று பின்னேரமே கழற்றினாள். ஒருவரையும் தொட விடவில்லை. அதன்பின் பதினேழு நாள் மாமியாரோடு ஒரு சொல் இல்லை. சமையல் நடந்தது, ஆனால் உப்புக் கருவாட்டில் சீவிக்கும் அந்த வீட்டில் கறி உப்பில்லாமல் வந்தது. பஸ்ரியன் ஒரு வாய் வைத்துவிட்டு மேலே பார்த்தார். “மாதாவே, இந்த வீட்டுக்கும் ஒரு யாப்பு எழுதித் தாரும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாக்கிறட்டுக்கு அந்த நாட்கள் கஷ்டமானவை. தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியைச் செய்தவருக்கு நித்திரை வரவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. பதினெட்டாம் நாள் காலை, அடுப்படியில் நின்ற மருமகளிடம் போனார்.

“பிள்ளை, என்ர முதலாம் துண்டை நீ எடு. எனக்கு வயது போட்டுது.”

அன்ரோனெற் கறிச்சட்டியை இறக்கி வைத்தாள். “நாலாம் சட்டத்தைப் பாருங்கோ மாமி” என்றாள். “துண்டு சங்கத்தின்ர. உறவுக்காரருக்கு மாத்திக் குடுக்க ஏலாது.”

 மாக்கிறட் சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆறு வருடமாக அந்தக் கொப்பியின் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண், பதினேழு நாளும் பேசாமல் இருந்து யாப்பை வாசித்திருக்கிறாள். தோற்கடிக்க வழி தேடித்தான் வாசித்தாள். அது மாக்கிறட்டுக்கும் தெரியும். யாப்பை யார் எதற்காக வாசித்தாலும் அவருக்குச் சந்தோசம்தான்.

“நான் உங்கட மருமகளாத்தான் அந்தத் துண்டில நிண்டனான். உறுப்பினராயில்லை. அதுதான் பிழை” என்றாள் அன்ரோனெற், முகத்தைத் திருப்பாமலே. “நான் விண்ணப்பம் போடப் போறன்.”

புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லாக் கையும் தேவையில்லை, பாதி போதும். அந்த மாதம் எல்லாக் கையும் எழும்பின. ஆமோதிக்க நூர்ஜஹான் எழுந்தாள். அன்ரோனெற் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடப் பேனை இல்லாதபோது நூர்ஜஹான் நீட்டிய பேனையை வாங்கினாள். கரையின் மேற்குக் கோடியில், பின்னேர வெயில் கடைசிவரை நிற்கும் இடத்தில், முப்பத்திரண்டாம் முளை அடித்தார்கள். பரண் முன்னையதைவிட உயரமாக எழும்பியிருக்கிறது. வீட்டில் கறிக்கு உப்பு திரும்பிவிட்டது. இப்போது கொஞ்சம் கூட என்று பஸ்ரியன் முறைப்பாடு செய்கிறார்.

போன மாதக் கூட்டத்திலும் மாக்கிறட் இடாப்பை விரித்தார். தங்கூசியைக் காதில் மாட்டினார். பதின்மூன்றுக்கு அருள்நாயகி இருமலோடு ஓம் என்றார். பதினான்குக்கு நூர்ஜஹான், பாயில் சிந்தியிருந்த உப்பைக் கையால் ஒதுக்கியபடி, “இருக்கிறன்” என்றாள்.

“பதினைந்து, ஸுஹறா.”

பதில் இல்லை. பின்னாலிருந்து அவசரப்படுத்தும் குரலும் இல்லை. கிட்டப் பார்க்க மட்டுமே உதவும் அந்தக் கண்ணாடியை மாக்கிறட் காதிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, வேலிக்கு வெளியே றோட்டைப் பார்த்தார்.